வெள்ளைத் திரையில் ஒரு கதவு

நாளைக்கு மரண விசாரணையின் கடைசித் தவணை. சுகிர்தன் கையில் இருந்ததெல்லாம் ஒரு சுவர்.

அதுவும் அவனுடைய சுவர் இல்லை. சவுக்குமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் ஆபீஸ் சுவர். அதில் ஒல்லியான எல்ஈடி திரை ஒன்று தொங்கியது. திரை நாலு கட்டமாகப் பிரிந்திருந்தது. மூன்று கட்டத்தில் கேமராப் படம் ஓடியது: வாசல், கொழுந்துத் தராசு, லொறி நிற்கும் இடம். நாலாவது கட்டம் வெறும் கறுப்பு.

"ரெக்கோடர்ல நாலு கேமராவுக்கு இடம் இருக்குங்க. நம்மகிட்ட எந்தக் காலத்துலயும் மூணுதான்" என்றார் பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி. மேல்மாடியில் கேமரா இருந்ததே இல்லை என்றும், அந்த இரவின் ரெக்கோடர் மின்சாரம் தாக்கிக் கருகிவிட்டது என்றும் தேனாகச் சொல்லி, தேத்தண்ணீரும் வரவழைத்தார். பொய் சொல்கிற ஆபீசில்தான் தேத்தண்ணீர் நன்றாக இருக்கும். அன்றைக்கு மிக நன்றாக இருந்தது.

விஷயம் இதுதான். போன மார்கழியில் பச்சைக் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் தீப்பிடித்தது. இரவு வேலைக்கு நின்றவர்கள் படி வழியாக இறங்கி ஓடினார்கள். மாடியின் அடுத்த கோடியில் நின்ற முத்துலிங்கம் மட்டும் வரவில்லை. அவன் நின்ற பக்கம் அவசரக் கதவு ஒன்று உண்டு. கதவு திறந்துதான் இருந்தது, ஆள் குடித்துவிட்டுக் கிடந்ததால் செத்தான் என்றது தோட்ட நிர்வாகம். பக்கத்தில் கிடந்ததாக ஒரு வெற்றுப் போத்தலையும் காட்டியது.

மனைவி மீனம்மா வேறு சொன்னாள். முத்துலிங்கம் ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்தான். போத்தலை மோந்துகூடப் பார்க்க மாட்டான். கொழுந்து களவு போகிறது என்று அந்தக் கதவுக்குக் குறுக்கே இரும்புக் கம்பி போட்டுப் பூட்டியிருந்தார்கள். இது அவனோடு வேலை செய்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தெரிந்தவர்கள் எல்லோரும் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்கள். குடியிருக்கிற காம்பரா தோட்டத்துடையது என்றால் வாயும் தோட்டத்துடையதுதான். பொலிஸ் வருவதற்குள் கருகின கதவைக் கழற்றிவிட்டுப் புதுக்கதவு போட்டுவிட்டார்கள்.

மீனம்மா கேட்டது ஒன்றே ஒன்று. அவள் புருஷன் குடித்துச் செத்தான் என்று நீதவான் எழுதக்கூடாது. அட்டனில் இருந்த சட்டத்தரணி இந்த வழக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, சுகிர்தனை அனுப்பிவைத்தார். டொக்டர் கைவிட்டபிறகு சாமியாரிடம் அனுப்புவது மாதிரி.

சுகிர்தன் பிறந்தது யாழ்ப்பாணத்தில். பள்ளிக்கூடங்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் புரொஜெக்டர் விற்கவும் திருத்தவும் மலைக்கு வந்தவன். மலைநாட்டு ஈரத்தில் புரொஜெக்டர் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, வியாபாரமும் போனது. களவுபோன புரொஜெக்டர்களைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்ததில் துப்பறிவாளன் ஆனான். தொழில் மாறினாலும் கண் மாறவில்லை. மனிதர்களை அவன் இன்னும் திரையாகத்தான் பார்ப்பான்.

அவனுடைய உதவியாளன் கஜேந்திரன் லிந்துலைக்காரன். ஆட்டோ ஓட்டுவான், கூடவே வாயையும் ஓட்டுவான். ஆபீசை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பித்தான்.

"பெரிய கிளாக்கருக்கு பிரைட்னஸ் கூடுதல் சேர். கான்ட்ராஸ்ட்தான் இல்ல. கறுப்பும் வெள்ளையும் ஒரே மாதிரி தெரியுது."

சுகிர்தன் சிரிக்கவில்லை. கஜேந்திரன் திரையைப் பார்த்தானா என்று கேட்டான். பார்த்ததாகச் சொன்னான் கஜேந்திரன். திரை தொங்கிய இரும்புத் தாங்கியைப் பார்த்தானா என்று கேட்டபோதுதான் தலையைச் சொறிந்தான்.

தாங்கி மாட்டைக் கட்டலாம் போல தடிமனாக இருந்தது. ஒரு கையால் தூக்கக்கூடிய எல்ஈடி திரைக்கு அப்படி ஒரு தாங்கியை எந்தப் பைத்தியமும் அடிக்க மாட்டான். தாங்கிக்கு மேலே சுவரில் அகலமாகப் பழுப்பேறியிருந்தது. எல்ஈடி அந்தளவுக்குச் சூடு கக்காது. அப்படியென்றால் அதே இடத்தில் முன்பு பாரமான, சூடான வேறொரு திரை இருந்திருக்கிறது.

"பிளாஸ்மா டிவி" என்றான் சுகிர்தன்.

"பிளாஸ்மா ரத்தத்துல இருக்கிறதுல்ல சேர்? ஆஸ்பத்திரியில ஏத்துவாங்க."

"இது சுவரிலை ஏத்திறது. கவனமாக் கேள். இந்த டிவியிலை ஒவ்வொரு புள்ளியும் தானே எரியிற குட்டி விளக்கு மாதிரி. ஒரே படத்தை மாசக்கணக்கா ஒரே இடத்திலை காட்டினா, அந்த விளக்குகள் அந்தப் படத்தின்ரை அச்சிலையே தேஞ்சு போகும். பிறகு நீ எந்தப் படத்தைப் போட்டாலும் பழைய படம் நிழலா நிக்கும். பேர்ன்-இன் எண்டு சொல்லுவம்."

கஜேந்திரன் ஆட்டோவின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். வாய்க்காரன் என்றாலும் மூளையில்லாதவன் அல்ல. கேமராப் படம் இரவும் பகலும் மாறாமல் ஓடுகிற படம். நாலாவது கேமரா மேல்மாடியில் இருந்திருந்தால் அந்தக் கதவும் கம்பியும் நாலாவது கட்டத்தில் தேய்ந்து பதிந்திருக்கும். ரெக்கோடரைக் கருக்கியவர்களுக்குத் திரைக்கும் ஞாபகசக்தி உண்டு என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பழைய டிவி எங்கே என்று சுகிர்தன் ஆபீசில் ஏற்கெனவே கேட்டிருந்தான். பள்ளத்தில் வீசிவிட்டோம் என்றிருந்தார் கிளாக்கர். அதைச் சொன்னதும் கஜேந்திரன் முதன்முறையாக உண்மையிலேயே சிரித்தான்.

"தோட்டத்துல எதையும் வீச மாட்டாங்க சேர். தொர பங்களாவுல தேஞ்சது ஆபீசுக்கு வரும். ஆபீசுல தேஞ்சது ஸ்டாப் கிளப்புக்கு வரும். அங்கயும் தேஞ்சா நமக்கு வரும். நமக்கு வர்றப்ப கதிரைக்கு மூணு கால்தான் இருக்கும், அதுக்கும் கும்பிட்டு வாங்கணும்."

அப்புறம் காலையில் அக்கரப்பத்தனைச் சந்தி வடைக்கடையில் கேட்ட ஒரு கதையைச் சொன்னான். திரும்பிப் போகிற வழியில் சேரைச் சிரிக்க வைக்கலாம் என்று வைத்திருந்த கதை. சவுக்குமலையில் வேலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் ஒரு பேய் டிவி இருக்கிறதாம். முதலில் ஸ்டாப் கிளப்புக்குக் கொடுத்தார்களாம். கிரிக்கெட் பார்க்கும்போது மைதானத்தின் ஒரு மூலையில் ஒரு கதவு தெரிகிறதென்று கிளப்புக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தள்ளிவிட்டார்களாம்.

சுகிர்தன் அதற்குள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தான். கஜேந்திரன் ஆட்டோவைத் திருப்பும்போது ஆபீஸ் ஜன்னலில் கணேசமூர்த்தி நின்றார். அவர் சுவரைத் திரும்பிப் பார்த்தார், ஆட்டோவைப் பார்த்தார், போனைக் காதில் வைத்தார். தாங்கியைச் சுகிர்தன் உற்றுப் பார்த்தது அவருக்கும் இப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

"கூப்பிடுறாரு சேர்."

"ஓம். மிதி."

பிள்ளைக்காம்பரா கீழ் லயத்துக்குப் பக்கத்தில் இருந்தது. பாதை என்று சொல்வதற்கு அங்கே கல் மட்டும்தான் இருந்தது. பொறுப்பாக இருந்த வினோதா வாசலில் நின்று குழந்தை ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பேய் டிவி என்றதும் அவள் முகம் மாறியது. யாரிடமும் சொல்லவேண்டாம் என்ற நிபந்தனையோடு கதையைச் சொன்னாள்.

தீ விபத்து முடிந்து கொஞ்ச நாளில் டிவி வந்தது. கார்ட்டூன் போட்டால் முயலுக்குப் பின்னால் ஒரு கதவு நிற்கும். கதவுக்குப் பக்கத்தில் ஆள் மாதிரி ஒன்று. சின்னதுகள் அலறியதில் டிவியைப் பின்னறையில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டாள். லயம் முழுக்கச் செய்தி பரவியது. முத்துலிங்கம்தான் வெளியே வரமுடியாமல் உள்ளே நிற்கிறான் என்று பேசிக்கொண்டார்கள்.

யாராவது போட்டோ எடுத்தார்களா என்று சுகிர்தன் கேட்டான்.

பேயைப் போட்டோ எடுத்தால் போனுக்குள் வந்துவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் எடுத்தான். அதில் கறுப்புக் கறுப்பாகக் கோடுகள்தான் விழுந்தன. அதைப் பார்த்ததும் இன்னும் பயந்து அழித்துவிட்டான். சுகிர்தனுக்கு அந்தக் கோடுகள் ஏன் என்று தெரியும். திரை ஒரு வேகத்தில் மினுங்கும், போன் கேமரா வேறு வேகத்தில் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கோடுதான் விழும். பேய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இனிச் சொல்லி என்ன பயன்.

"பரவாயில்லை. டிவி இருக்குத்தானே. அது போதும்" என்றான்.

பின்னறைக் கதவைத் திறந்தபோது உள்ளே மீனம்மா உட்கார்ந்திருந்தாள். இவர்களைக் கண்டதும் எழுந்து, களவில் பிடிபட்டவள் மாதிரி சேலையை இழுத்துப் போர்த்துக்கொண்டாள். டிவி துணிக்குள் இருந்தது.

அவள் அடிக்கடி வருவாள் என்று வினோதாதான் சொன்னாள். மலையில் கொழுந்து பறித்துவிட்டு, தராசில் போட்டுவிட்டு, நேரே இங்கே வருவாள். பாவம் என்று தான் சாவி கொடுத்ததாகவும் சொன்னாள். இதை ஏன் தன்னிடமோ சட்டத்தரணியிடமோ சொல்லவில்லை என்று சுகிர்தன் மீனம்மாவிடம் கேட்டான். பைத்தியம் என்று நினைத்துவிட்டால் வழக்கையும் விட்டுவிடுவீர்களே என்று அவள் சொன்னாள். அந்தப் பயம் நியாயமானது. அவன் நிச்சயம் அப்படித்தான் நினைத்திருப்பான்.

இப்போது அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பல மாதமாகச் செத்துக் கிடந்த வழக்கு எழுந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. நீதவானை இங்கேயே கூட்டிவந்து காட்டலாம், அல்லது டிவியைத் தூக்கிக்கொண்டு போய் நீதிமன்றத்தில் போட்டுக் காட்டலாம் என்று மனதுக்குள் ஓடியது. மீனம்மாவுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"மீனம்மா, இது பேயில்லை. இது உங்கட சாட்சி. மேல்மாடியிலை கேமரா இருந்தது. அந்தக் கதவிலை கம்பி இரவும் பகலும் கிடந்தது. அதுதான் இதிலை பதிஞ்சிருக்கு. அசையாமல் கிடந்ததுதான் இதிலை பதியும். ஆரும் புதுசா வந்து எழுதினதில்லை, ஆராலும் இல்லையெண்டு சொல்லேலாது."

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி நாளைக்கு வரைக்கும் ஒருத்தரும் இதைப் போடாதையுங்கோ. முக்கியமா வெறும் வெள்ளைத் திரையா விடக்கூடாது. நாங்கள் கடையிலை இப்பிடி நிழல் விழுந்த டிவியைச் சுத்தமாக்கிறதே அப்பிடித்தான். மணிக்கணக்கா வெள்ளையைக் காட்டினா எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரித் தேஞ்சு, நிழல் கழுவுப்பட்டுப் போகும்."

மீனம்மாவின் முகத்தில் இருந்து ஏதோ வடிந்து போனது. சுகிர்தன் அதைக் கவனிக்கவில்லை. துணியை உருவி, சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தான். கஜேந்திரன்தான் கவனித்தான்.

திரை எழும்பியது. வயர் எதுவும் செருகாததால் படம் வரவில்லை. மூலை முதல் மூலை வரை வெள்ளைப் பொரி பொரிந்தது. அந்த வெள்ளையில் கதவு இல்லை. கம்பி இல்லை. நாலு கட்டத்தைப் பிரிக்கிற கோடுகூட இல்லை.

சுகிர்தன் பக்கவாட்டில் போய்ப் பார்த்தான். கிட்டப் போய்ப் பார்த்தான். வெளிச்சத்தைக் கூட்டினான், குறைத்தான். வினோதாவிடம் அறை ஜன்னலைச் சாத்தச் சொன்னான். எல்லாவற்றையும் செய்து முடித்தபிறகும் திரை சுத்தமாகத்தான் இருந்தது. அவன் கடையிலேயே அவ்வளவு சுத்தமாக ஒரு திரையைத் துடைத்ததில்லை.

"நாந்தான் சேர்" என்றாள் மீனம்மா.

அவள் அழவில்லை. கொழுந்து நிறுத்தக் கணக்குச் சொல்வது மாதிரி, ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். கார்ட்டூன் ஓடினால் அவர் சரியாகத் தெரிய மாட்டார். வயரைக் கழற்றிவிட்டால் வெள்ளை வரும், வெள்ளையில் அவர் நன்றாகத் தெரிவார். அதனால் வந்ததும் வயரைக் கழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். மழை நாளில் வேலை இல்லாவிட்டால் காலையிலிருந்தே பார்ப்பாள். நாள் போகப் போக அவர் மங்கிக்கொண்டு வந்தார். ஆத்மா கரையேறுகிறது என்று லயத்தில் சொன்னார்கள். கரையேறுவதற்குள் பார்த்துவிடவேண்டும் என்று இன்னும் கூடுதல் நேரம் உட்கார்ந்தாள். கடைசியில் ஒன்றும் தெரியாமல் போனபிறகும், மூடிய திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

"கம்பியையும் பாத்தேன் சேர். குறுக்கால கிடந்துச்சு, ரெண்டு முனையிலயும் பூட்டு. கதவுக்குப் பக்கத்துல அவரு நின்னாரு. நான் அவரைத்தான் பாத்தேன். கம்பி எனக்கு முக்கியமாப் படல."

அசையாததுதான் பதியும் என்று சற்றுமுன் சொன்னவன் சுகிர்தன்தான். அப்படிப் பார்த்தால் கதவுக்குப் பக்கத்தில் நின்றது முத்துலிங்கமாக இருக்க முடியாது. சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு உருளையாகத்தான் இருக்கும். அதை அவன் சொல்லவில்லை. அந்த ஒன்றையும் அவளிடமிருந்து பிடுங்கி அவனுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

வினோதாவிடம் திரும்பி, அந்தக் கம்பியைக் கண்டதாக நாளைக்கு வந்து சொல்வாளா என்று கேட்டான். கேட்கும்போதே பதில் தெரியும். தன் புருஷனும் தோட்டத்தில்தான் வேலை செய்கிறான் என்று அவள் குழந்தையின் வாயைத் துடைத்தபடி சொன்னாள். அவளைக் கோபிக்க முடியவில்லை. மீனம்மாவே போய்ச் சொல்லலாம். டிவிப் பேய்க்குப் பக்கத்தில் கம்பி கண்டேன் என்று ஒரு விதவை நீதிமன்றத்தில் நின்று சொன்னால், தோட்டத்துச் சட்டத்தரணி எழுந்திருக்கவே தேவையில்லை.

வெளியே டிராக்டர் சத்தம் கேட்டது. கணேசமூர்த்தி அனுப்பிய ஆள் வந்துவிட்டான். தொழிற்சாலைக் காவல்காரன் கந்தப்பன். பழைய டிவியைத் திரும்ப எடுத்துவரச் சொன்னார்கள் என்றான். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தான், கூட இன்னொரு தடியனும் டிராக்டரில் இருந்தான். மீனம்மாவைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அந்தக் கதவு பூட்டியிருந்ததோ, கந்தப்பன்?" என்று சுகிர்தன் மெதுவாகக் கேட்டான்.

"தொறந்துதாங்க இருந்துச்சு" என்றான் கந்தப்பன். பாடமாக்கின பிள்ளை ஒப்புவிப்பது மாதிரி, கேள்வி முடியும் முன்பே சொன்னான்.

அரைமணி முன்பென்றால் கஜேந்திரன் வாசலில் ஆட்டோவைக் குறுக்கே போட்டிருப்பான். இப்போது சுகிர்தன் ஒதுங்கி வழிவிட்டான். எடுத்துப் போங்கோ என்றான். இரண்டு பேரால் தூக்க முடியாத பாரம். வாசற்படியில் தடுமாறினார்கள். யாரும் கேட்காமலே கஜேந்திரன் போய் ஒரு பக்கம் பிடித்தான். திருட வந்தவனுக்குத் தூக்கிக் கொடுப்பதைப் பற்றி ஆயிரம் பகிடி சொல்லக்கூடியவன், பேசாமல் டிராக்டரில் ஏற்றிவிட்டு வந்து கைகளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

அவர்கள் எடுத்துப் போவது ஒன்றுமில்லாத ஒரு கண்ணாடி என்று கணேசமூர்த்திக்குத் தெரியப்போவதில்லை. இன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்குவார். அதை நினைக்கச் சுகிர்தனுக்கு ஆத்திரம் வந்தது. அதைவிட, அவசரப்பட்டு அந்த வெள்ளைத் திரை விளக்கத்தைக் கொடுத்த தன் வாயை நினைத்தால் இன்னும் வந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அவர் கரையேறிவிட்டார் என்றே அவள் நம்பியிருப்பாள். காயம் ஆறியிருக்காது, ஆனால் அதைத் தன் கையாலேயே போட்டதாக இருந்திருக்காது.

மீனம்மா வாசலுக்கு வந்தாள். மேலே மலையில் மூடுபனி இறங்கி, தொழிற்சாலையின் மேல்மாடியைப் பாதியாக மறைத்திருந்தது. உங்கள் மேல் தப்பில்லை என்று சுகிர்தன் சொல்லிப் பார்த்தான். பழைய டிவி, எப்படியும் மங்கித்தான் போயிருக்கும் என்றான். அது பொய். அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"நாளைக்கு நானும் வரணுமா சேர்?"

வரத்தேவையில்லை என்றான். தானும் சட்டத்தரணியும் போய்ப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான்.

"இல்ல, வாரேன். குடிச்சுட்டுச் செத்தாருன்னுதான் எழுதுவாங்களா?"

"ஓம்."

அவள் அவன் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"அந்த எழுத்து, நான் எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு நின்னாலும் அழியாதுல்ல சேர்?"

"அழியாது" என்றான் சுகிர்தன்.